பிழையோடு பிறந்த துப்பாக்கிகள்

திருச்சியில் கல்லூரியில் படித்த நாளில் என்.சி.சி. பரேடுக்கு எங்களுக்குக் கொடுத்தது டி.பி. ரைஃபிள். 'டிரில் பர்ப்பஸ்' என்பதன் சுருக்கம் அது. ஆள் பழைய 303 லீ-என்ஃபீல்டுதான். சுட முடியாதபடி ஊசியை எடுத்துவிட்டு, கட்டையில் இரண்டு எழுத்தைப் பெயின்டில் எழுதி, பையன்கள் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். எடை நான்கு கிலோ. அரை மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும்.

அந்த ரைஃபிளில் கைபிடிக்கும் இடத்துக்குச் சற்று மேலே, கட்டையைச் சுற்றி இரும்பு வளையம் மாதிரி ஒரு பகுதி உண்டு. அதன் வலப்பக்கத்தில் ஒரு மகுடம், கீழே ஜி.ஆர்.ஐ., அதன்கீழ் இஷாப்பூர், ஓர் ஆண்டு, கடைசியில் மார்க் மூன்று என்பதைக் குறிக்கும் மூன்று கோடுகளும் ஒரு நட்சத்திரமும். எண்ணெய்த் துணியால் அதைத் துடைத்துக்கொண்டே, "இந்த ஸ்டார் எதுக்கு சார்?" என்று பயிற்சி கொடுத்த ஹவில்தாரிடம் கேட்டேன். "குறைச்சுட்டாங்கன்னு அர்த்தம் தம்பி" என்றார். எதைக் குறைத்தார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பரேடு முடிந்தால் பூரி கிழங்கு.

குறைத்தது எது என்று தெரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. 1907-ல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட லீ-என்ஃபீல்டு மார்க் 3-ல் இரண்டு விசித்திர உறுப்புகள் இருந்தன. ஒன்று, மேகசினுக்கு மேலே பக்கவாட்டில் நகரும் ஒரு தட்டு. அதை உள்ளே தள்ளினால் மேகசின் மூடிக்கொள்ளும். சிப்பாய் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுத்தான் சுட வேண்டும். கையில் பத்து ரவை இருந்தால் பத்தையும் ஊதித் தள்ளிவிடுவான் என்று அதிகாரிகளுக்குப் பயம். இன்னொன்று, கட்டையின் இடப்பக்கத்தில் கடிகார முகம் போன்ற ஒரு குறிக்காட்டி. ஒரு மைலுக்கும் அப்பால் நிற்கும் எதிரிக் கூட்டத்தை நோக்கி ஒரு பிளட்டூனே வானத்தைப் பார்த்துச் சுடுவதற்காக வைத்தது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிக்குள் இரண்டுமே வீண் என்று தெரிந்தது. 1916-ல் இரண்டையும் விட்டுவிட்டுச் செய்யத் தொடங்கியபோது பெயரோடு நட்சத்திரம் சேர்ந்தது. முன்பு செய்தவையும் பழுதுபார்க்கப் பட்டறைக்கு வந்தபோதெல்லாம் அந்த உறுப்புகளை இழந்தன. ஆகவே நட்சத்திரம் இல்லாத, தட்டும் கடிகாரமும் அப்படியே இருக்கிற ஒரு மார்க் 3 இன்று சேகரிப்பாளருக்குப் பெரிய சொத்து. எங்கள் நட்சத்திரக் கட்டைக்கு அந்த யோகம் இல்லை.

ராணுவத் துப்பாக்கி சேகரிப்பு என்ற உலகத்தின் சூட்சுமம் இந்த ஒரு நட்சத்திரத்தில் அடங்கிவிடும். பழைய புத்தகக்காரர்கள் முதல் பதிப்பைத் தேடுவார்கள், அச்சுப்பிழை திருத்தாத பிரதி என்றால் விலை இன்னும் ஏறும். துப்பாக்கியிலும் அதே கிறுக்குதான். திருத்தப்பட்ட, நன்றாக வேலை செய்கிற, லட்சக்கணக்கில் செய்த ஒன்றை யாரும் சீந்துவதில்லை. தொழிற்சாலையின் முதல் சில ஆயிரத்தில் இருந்து, பிறகு கைவிட்ட உறுப்போடு தப்பியது வேண்டும்.

அப்படித் தப்புவது ஏன் அபூர்வம் என்பதற்கு அமெரிக்கர்களின் எம்1 காரண்ட் நல்ல சாட்சி. 1937-ல் உற்பத்தி தொடங்கியபோது, குண்டு குழலை விட்டு வெளியேறிய பிறகு வாயில் பொருத்திய ஒரு தொப்பிக்குள் புகையைப் பிடித்து, அந்த அழுத்தத்தில் அடுத்த தோட்டாவை ஏற்றும் ஏற்பாடு இருந்தது. கரி அடைந்தது, முன் குறிமுள் ஆடியது. 1940-ல் அதை விட்டுவிட்டு, குழலின் அடியிலேயே துளை போடும் முறைக்கு மாறினார்கள். பழைய முறையில் செய்தவை ஏறக்குறைய 50,000. போருக்கு நடுவே அவற்றை வரவழைத்து அநேகமாக எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். மாறாமல் எஞ்சியவை விரல்விட்டு எண்ணும்படிதான். ரஷ்யர்களின் ஏ.கே. கதையும் இதற்குப் பங்காளி. முதலில் தகட்டை அழுத்தி உடல் செய்தார்கள். அந்தத் தொழில் அன்றைக்குப் பிடிபடாமல் கழிவு அதிகமாயிற்று. 1951 வாக்கில் கெட்டி எஃகைக் குடைந்து செய்யப் போய், 1959-ல் ஏ.கே.எம். வந்தபோது மீண்டும் தகட்டுக்குத் திரும்பினார்கள். நடுவில் தோற்ற அந்த முதல் தகட்டுத் துப்பாக்கிதான் இன்று ஆசைப்பட்டாலும் கிடைக்காதது. வியட்நாமுக்குப் போன எம்16-க்கு வாயில் மூன்று கவடாகப் பிளந்த ஒரு முனை இருந்தது. கொடியிலும் புதரிலும் மாட்டிக்கொள்கிறது என்று அதைக் கழற்றி எறிந்து, கூண்டு போல மூடியதைப் போட்டார்கள். எறிந்த அந்த மூன்று கவட்டு முனையைத் தனியாக நல்ல காசு கொடுத்து வாங்க இன்று ஆள் இருக்கிறது.

காசு என்று வந்தால் போலியும் வரும். காரண்டின் பழைய வாய்த்தொப்பியைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். முத்திரைகளைப் புதிதாகக் குத்துகிறார்கள். இதைவிட எனக்கு ஒவ்வாதது 'ஆதி நிலைக்குக் கொண்டுவருதல்' என்ற பழக்கம். இருபது வருஷம் படையில் இருந்து, மூன்று முறை பட்டறை கண்டு, மூன்று முறையும் உறுப்பு மாற்றப்பட்ட ஒரு ரைஃபிளை வாங்கி, மாற்றிய உறுப்புகளைக் கழற்றி எறிந்துவிட்டு, எங்கெங்கோ பொறுக்கிய முதல்கால உறுப்புகளைப் பூட்டுகிறார்கள். பார்க்க அழகு. ஆனால் அது பொய். கோயில் தூணை மணல்வீச்சில் 'சுத்தம்' செய்தவர்களுக்கும் இவர்களுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மாறிய உறுப்பும் வரலாறுதான்.

நம் ஊருக்கு வருவோம். திருச்சியில் சேகரிக்க ஏதேனும் இருந்ததா என்று கேட்டால், இருந்தது, மிதமிஞ்சி இருந்தது. 1751 முதல் 1754 வரை மலைக்கோட்டையைச் சுற்றிச் சுடாத நாள் குறைவு. பிரெஞ்சுக்காரர்களும் அவர்களுடைய கூட்டாளி சந்தா சாகிபும் காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கி, கோயில் மதில்களையே கோட்டையாக்கிக்கொண்டார்கள். ராபர்ட் கிளைவ் சமயபுரத்தில் முகாம் போட்டு வடக்கு வழியை அடைத்தார். 1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லா சரணடைந்தார். சந்தா சாகிப் கொல்லப்பட்டார். ரங்கநாதரின் வெளிப் பிராகாரங்களில் அன்றைக்குக் கீழே போட்ட மஸ்கெட் துப்பாக்கிகளில் ஒன்று இன்று கிடைத்தால் அதற்கு விலை சொல்ல ஆள் இல்லை.

அதற்குப் பிறகு வந்தது கம்பெனியின் சொந்தத் துப்பாக்கி. பிரிட்டிஷ் படை வைத்திருந்த 42 அங்குலக் குழலை 39 அங்குலமாகக் குறைத்து, பித்தளை வேலையைச் சிக்கனமாக்கி, இந்தியாவில் தன் சிப்பாய்களுக்கென்று கிழக்கிந்தியக் கம்பெனி செய்வித்த மலிவு மாதிரி. பிரெஞ்சுப் போர் மூண்டபோது லண்டனில் கைவசம் துப்பாக்கி போதவில்லை. கம்பெனியின் கிடங்கில் இருந்ததை எடுத்துக்கொண்ட அரசுப் படை, பிறகு அதையே தன் மாதிரியாகவும் ஆக்கிக்கொண்டது. பெயரே 'இந்தியா பேட்டர்ன்'. நெப்போலியனை வாட்டர்லூவில் எதிர்த்து நின்றதும், இங்கே காளையார்கோயில் காட்டில் மருது சகோதரர்களைத் துரத்தியதும் ஒரே குலத்துத் துப்பாக்கி என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.

இதிலும் முதல்காலத்துப் பிழை ஒன்று உண்டு. சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டு அடிக்கிற உறுப்பை நம் பழைய தமிழில் குதிரை என்பார்கள். துப்பாக்கி என்ற பெயர் துருக்கி மொழியிலிருந்து வந்தது, குதிரையை மட்டும் நாமே ஏறிக்கொண்டோம். இந்தியா பேட்டர்னின் முதல் குதிரைக்கு வாத்தின் கழுத்து மாதிரி மெல்லிய வளைவு. ஓங்கி ஓங்கி அடித்து அந்தக் கழுத்து ஒடிந்தது. 1809-ல் கழுத்தை அடைத்து, நடுவில் ஒரு துளை மட்டும் விட்டுக் கெட்டிப்படுத்தினார்கள். ஆகவே அருங்காட்சியகத்தில் ஒரு மஸ்கெட் துப்பாக்கியைப் பார்த்தால் முதலில் குதிரையின் கழுத்தைப் பாருங்கள். வளைந்த கழுத்தாயிருந்தால் அது 1801-ஐப் பார்த்திருக்கலாம், துளைக் கழுத்தாயிருந்தால் பின்னால் வந்தது. நான் போன ஓர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு வகையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டுக்கும் ஒரே அட்டை: 'பழைய துப்பாக்கிகள்'. காவலரிடம் கேட்டால் "வெள்ளைக்காரன் காலத்தது" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அட்டை எழுதியவர் எங்கே?

அந்த 1801 திருச்சிக்கு முக்கியமான ஆண்டு. ஜூனில் சின்ன மருதுவின் பிரகடனம் மலைக்கோட்டை வாயிலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் இன்னொரு பிரகடனம் விட்டார்: பாளையக்காரர் கோட்டைகள் இடிபட வேண்டும், துப்பாக்கி, திரித்துப்பாக்கி, ஈட்டி எல்லாம் ஒப்படைக்கப்பட வேண்டும். எட்வர்டு யார்? சமயபுரத்தில் முகாம் போட்ட ராபர்ட் கிளைவின் மகன். அப்பா துப்பாக்கியோடு நுழைந்த சீமையில், ஐம்பது ஆண்டு கழித்து மகன் துப்பாக்கியைப் பிடுங்கினார். தென் தமிழகத்தில் பழைய ஆயுதம் வீட்டில் தங்காமல் போனதன் முதல் காரணம் அந்த ஆணை. இரண்டாவது, 1878-ல் வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம்.

மூன்றாவது காரணம் சட்டத்தால் வந்ததில்லை, அலட்சியத்தால் வந்தது. அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசின்றி இறந்ததும் கம்பெனி அரசை எடுத்துக்கொண்டது. அரண்மனை ஆயுதச்சாலையில் நாயக்கர் காலத்திலிருந்து சேர்ந்திருந்த கத்தி, கட்டாரி, துப்பாக்கி எல்லாம் 1860-களில் கலைக்கப்பட்டன. தேர்ந்தெடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. வால்ஹவுஸ் என்ற சென்னை மாகாண அதிகாரி இதைப் பற்றிப் பிறகு 1878-ல் 'இந்தியன் ஆன்டிகுவாரி' இதழில் எழுதினார். தப்பிய தஞ்சை ஆயுதங்களைப் பார்க்க இன்று நாம் சென்னைக்கும், அயல்நாட்டு அருங்காட்சியகங்களுக்கும் போக வேண்டியிருக்கிறது.

நேபாளத்தில் நேர் எதிராக நடந்தது. காத்மாண்டுவின் லகன் சிலேகானா என்ற பழைய அரண்மனையில், படைக்கு உதவாமல் போன எந்தத் துப்பாக்கியையும் தூக்கி எறியாமல் நூற்றைம்பது ஆண்டு அடுக்கிக்கொண்டே போனார்கள். யாரும் பாதுகாத்ததாகச் சொல்ல முடியாது, தூசியும் கரையானும் சேர்ந்துதான் கிடந்தன. 2003-ல் அமெரிக்க வியாபாரிகள் அந்தக் கிடங்கை மொத்தமாக வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். இந்தியா பேட்டர்ன், மார்டினி-ஹென்றி, நேபாளிகளே கையால் செய்த காஹேந்திரா எல்லாம் பல்லாயிரக்கணக்கில் சந்தைக்கு வந்தன. ஒன்றும் செய்யாமல் சும்மா வைத்திருந்ததே பெரிய சேவையாகிவிட்டது. பொறுப்பாக வேலை செய்தவர்கள் தஞ்சையில் உடைத்தார்கள்.

இன்று நிலைமை என்ன? இந்தியாவில் ஒருவர் ராணுவ ரைஃபிள் சேகரிப்பாளராக முடியுமா? அநேகமாக முடியாது. 1959-ன் ஆயுதச் சட்டம் 1962-ல் நடைமுறைக்கு வந்தது. தானாகத் தொடர்ந்து சுடும் ஆயுதம் தடைசெய்யப்பட்டது. 303, 7.62, 9 மி.மீ. போன்ற படை அளவுகள் தடைசெய்த விட்டத்தில் வரும். பொதுமக்களுக்கு உரிமம் கிடைப்பது 315, 32, 22, பன்னிரண்டு போர் போன்றவற்றுக்கு. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கும் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாக்கியது. தடைசெய்த ஆயுதம் வைத்திருந்தால் தண்டனை 7 ஆண்டு முதல் 14 ஆண்டு வரை. உறுப்பு மட்டும் சேர்க்கிறேன் என்றும் தப்ப முடியாது. சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் உறுப்புகளும் அடக்கம். மற்ற உறுப்புகளோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சில்லறை உறுப்புக்கும், பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. நூறு ஆண்டு தாண்டியதை 1972-ன் தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டுக்கு விற்க முடியாது.

இந்தச் சட்டம் தளர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். துப்பாக்கி எளிதாகக் கிடைக்கும் நாடுகளில் பள்ளிக்கூடங்களில் நடப்பதைப் பார்க்கிறோம். சேகரிப்பாளரின் ஆசைக்காக அந்தக் கதவைத் திறப்பது பைத்தியக்காரத்தனம். ஆனால் தனியார் வைத்திருக்கக் கூடாது என்று சொன்ன அரசுக்கு, தானாவது வைத்திருக்க வேண்டிய கடமை சேர்ந்தே வருகிறது. அந்தப் பாதியைத்தான் நாம் மறந்தோம்.

மறந்ததற்கு அத்தாட்சி வேண்டுமானால் இஷாப்பூர் 2ஏ. 1962 சீனப் போரில் அடிபட்ட பிறகு, லீ-என்ஃபீல்டின் உடலை வலுவான எஃகில் புதிதாகச் செய்து, 7.62 தோட்டாவுக்கு ஏற்ப மேகசினைச் சதுரமாக்கிய ரைஃபிள் அது. முதலில் வந்தவற்றில் பழைய 303-ன் 2,000 கெஜக் குறிக்காட்டியையே வைத்தார்கள். பிறகு நடைமுறைக்கு ஒத்த 800-க்குக் குறைத்தபோது பெயர் 2ஏ1 ஆயிற்று. அந்த ஒரு சிறு தகட்டில் இருக்கும் எண்தான் முன்னதையும் பின்னதையும் பிரிக்கிறது. தேவை தீர்ந்ததும் இவை கழிவுச் சரக்காக அமெரிக்காவுக்குப் போயின. வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் செய்த ஒரு ரைஃபிளை, அதன் குறிக்காட்டி எண் உட்பட, டெக்சாஸ்காரர் ஒருவர் நம்மைவிட நன்றாகச் சொல்வார். எஸ்.எல்.ஆர். என்று நம் ஜவான்கள் அழைத்த 1ஏ1-இலும் இப்படி ஒரு சுவாரசியம் உண்டு. பெல்ஜியத்து வடிவம், ஆனால் கட்டையின் அடியில் மாட்டியது லீ-என்ஃபீல்டின் பழைய அடித்தகடு. அதில் ஒரு சிறு கதவு, உள்ளே எண்ணெய்ப் புட்டியும் குழல் துடைக்கும் கயிறும். கைவிட மனமில்லாத பழக்கம் ஒன்று புதிய துப்பாக்கிக்குள் குடியேறியிருக்கிறது.

திருச்சிக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. நவல்பட்டுப் பக்கம் 1966-ல் அமைந்த படைக்கலத் தொழிற்சாலையை ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. துப்பாக்கித் தொழிற்சாலை அல்லது ஓ.எஃப்.டி. என்பார்கள். பஸ் கண்டக்டருக்கும் அதுதான் பெயர். 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது இது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் நிறுவனத்தின் கீழ் போனது. இன்சாஸ் ரைஃபிளைச் செய்த மூன்று ஆலைகளில் இது ஒன்று, மற்றவை இஷாப்பூரும் கான்பூரும்.

இன்சாஸ் என்பதே முதல் உற்பத்திப் பிழைகளின் கதை. புனேயின் ஆயுத ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்தது. ஏ.கே.யின் உடல், பெல்ஜிய ரைஃபிளின் வாயுச் சீராக்கி, ஜெர்மன் பாணியில் இடப்பக்கம் வைத்த இழுகைப்பிடி என்று பல வீட்டுச் சமையலை ஒரு தட்டில் வைத்த மாதிரி. மூன்று மூன்றாகச் சுடும் ஏற்பாடும் உண்டு. உள்ளே எத்தனை ரவை மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும்படி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மேகசின் போட்டார்கள். எனக்கு அந்த யோசனை பிடிக்கும். 1999-ல் கார்கிலின் குளிரில் அதே மேகசின் விரிசல் விட்டது. மூன்றாகச் சுட வேண்டியது நிற்காமல் சுட்டது, எண்ணெய் சுடுபவரின் கண்ணில் தெறித்தது என்று புகார்கள் வந்தன. திருத்தினார்கள், மாற்றினார்கள். பிறகு திருச்சி ஏ.கே. வகைக்கும் போனது. ட்ரிச்சி அசால்ட் ரைஃபிள் என்று ஊர்ப்பெயரைச் சுமந்துகொண்டு ஒன்று வந்தது. படையோ சிக் 716-க்கும், உத்தரப் பிரதேசம் கோர்வாவில் செய்யும் ஏ.கே. 203-க்கும் மாறிக்கொண்டிருக்கிறது.

இன்சாஸ் ஓய்வு பெறும் காலம் இது. ஓய்வு பெற்றால் என்ன ஆகும் என்பதற்கு 303 வழிகாட்டி. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு அதற்கு விடைகொடுத்தது. கழித்த துப்பாக்கி உலைக்குப் போகும், அதுதான் விதி. விதியில் தவறில்லை. உலைக்குப் போகுமுன் ஒன்றை எடுத்து வைப்பதற்கு யாரும் தடை சொல்லவில்லை என்பதுதான் விஷயம். விரிசல் விட்ட முதல் மேகசின் ஒன்று, அதற்குப் பதில் வந்தது ஒன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்து நடுவில் கார்கிலின் வெப்பநிலையை எழுதினால், நம் இன்ஜினியரிங் மாணவனுக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது. திருச்சியைச் சுற்றி எத்தனை பொறியியல் கல்லூரி இருக்கிறது என்று ஓர் ஆட்டோக்காரரைக் கேட்டுப் பாருங்கள், எண்ணி முடிக்கமாட்டார்.

துவாக்குடிப் பக்கம் தேவராயநேரியில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. மருந்தை வாய்வழியாகக் கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியோடு அவர்கள் காடை, கௌதாரி தேடிப் போன காலம் ஒன்று இருந்தது. 1972-ன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை போயிற்று, ஊசிமணி பாசிமணி மட்டும் மிஞ்சியது. கம்பெனி ஆணையும் லிட்டன் சட்டமும் தாண்டி, இந்தச் சீமையில் துப்பாக்கி செய்யவும் பழுது பார்க்கவும் தெரிந்த கை பிழைத்திருந்தது இவர்களிடமும் பச்சைமலை, கொல்லிமலைக் கொல்லர்களிடமும்தான். இந்தக் கட்டுரையில் வரும் அநேகமாக எல்லா ரைஃபிளுக்கும் தொழிற்சாலைப் பதிவேடு உண்டு. அந்தக் கைகளுக்கு ஒரு பக்கக் குறிப்புகூட இல்லை. சேகரிப்பாளர் பார்வையில் ஒன்றைப்போல் ஒன்று இல்லாத அந்த நாட்டுத் துப்பாக்கிகளே அபூர்வம். நம் காவல்துறைக் கணக்கில் அவை பறிமுதல் பொருள், ஒரு எண்.

ராணி மங்கம்மாள் மகாலில் இயங்கும் திருச்சி அரசு அருங்காட்சியகத்தில் ஓர் அறை போதும். நவல்பட்டிலிருந்து செயலிழக்கச் செய்த இன்சாஸ் ஒன்று, அதன் முதல்கால உறுப்புகள், என்.சி.சி. கிடங்கிலிருந்து ஒரு நட்சத்திர 303, எழும்பூரிலிருந்து வாத்துக்கழுத்துக் குதிரையோடு ஓர் இந்தியா பேட்டர்ன், நீதிமன்றத்தில் வழக்கு முடிந்த நாட்டுத் துப்பாக்கி ஒன்று. எல்லாமே அரசின் கையில் இருப்பவை. ஒரு பைசா கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பெயர் அட்டையை மட்டும் தெரிந்தவரைக் கொண்டு எழுதச் சொல்ல வேண்டும்.

வாசகருக்கு ஒரு வார்த்தை. தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் இருந்து, உரிமம் யார் பெயரிலும் இல்லையென்றால் ஒளித்து வைக்காதீர்கள், பழைய இரும்புக்காரரிடமும் போடாதீர்கள். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஒப்படைக்கும்போது அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க விருப்பம் என்று எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோகுமுன் பளபளப்பாக்குகிறேன் என்று மணல்தாளால் மட்டும் தேய்க்க வேண்டாம். முத்திரை அழிந்துவிடும்.